சம்பந்தியிடம் நிரப்பிய படிவம்

என் அத்தான் அருமைராசாவுக்குக் கடிதம் என்றால் ஆகாது. மொன்றியலின் பியர்ஃபொன்ஸில் அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டிக்கு மேல், ரைஸ் குக்கர் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது. அரசாங்கம், வங்கி, கம்பனி, நகரசபை, யார் எழுதினாலும் கடிதம் அதற்குள்தான் போகும். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "பேந்து பாப்பம்" என்பார். போட்டுவிடுவார். பெட்டி நிறைந்தால் அடியில் கிடப்பதை எடுத்து எறிவார். இவ்வளவு நாளும் ஒன்றும் நடக்காத கடிதத்தால் இனி என்ன நடக்கப் போகிறது என்பது அவருடைய நியாயம்.

அவரைப் பற்றி இப்படிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. அவருடைய மனைவி றோசலின் என் மூத்த அக்கா. நான் வீட்டில் கடைக்குட்டி. தொண்ணூறாம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், அம்மா அப்பா இல்லாமல் மொன்றியலில் வந்து இறங்கிய என்னைக் கூட்டிப் போய்ச் சோறு போட்டு வளர்த்தவர் அத்தான்தான். அதை மறந்தால் நான் மனுசியில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் வேறு ஒரு பள்ளிக்கூடத்தில் என்னை விட்டுவிட்டு வேலைக்குப் போனவரும் அவர்தான். பெயரை ஒருதரம் வாசித்துப் பார்த்திருக்கலாம். வாசலில் நின்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிழையான வகுப்பில், பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாமல், மத்தியானம் வரைக்கும் இருந்தேன். பிறகு கண்டுபிடித்தார்கள். பின்னேரம் வந்து, "ரெண்டும் பள்ளிக்கூடம்தானே" என்றார்.

யாரிடமும் ஒன்றைக் கேட்பது அவருக்குப் பல்லுப் பிடுங்குவது மாதிரி. தெரியாது என்று சொன்னால் தலை இறங்கிவிடும். சென் லோறனில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடமாக அலுமினியம் வெட்டுகிறார். ஒரு நாள்கூடப் பிந்திப் போனதில்லை, ஒரு விரலையும் வெட்டிக்கொள்ளவில்லை. கெட்டிக்காரர். நல்லவர். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அக்காவுக்கு ஒன்பது வருடமாக மூட்டுவாதம். வயதால் வருகிற முழங்கால் வலியில்லை. உடம்பே தன் மூட்டுகளைத் தின்கிற வருத்தம். தொடங்கிய காலத்தில் காலையில் எழும்பித் தண்ணீர்க் குழாயைத் திருகக்கூட முடியாமல் அழுதாள். பிறகு விசேட டாக்டர் ஒருவர் ஓர் ஊசி எழுதினார். இரண்டு கிழமைக்கு ஒன்று, வயிற்றில் தானே போட்டுக்கொள்ள வேண்டும். போடத் தொடங்கி மூன்றாம் மாதம் கை விரிந்தது. அத்தானின் கம்பனிக் காப்புறுதி அக்காவையும் சேர்த்துக் காத்ததால் அந்த ஊசி வந்தது. ஒரு மாத ஊசியின் விலை அத்தானின் சம்பளத்தில் முக்கால்வாசி. அது அவருக்குத் தெரியாது. அட்டையை நீட்டினால் மருந்து வரும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

அக்கா கேக் செய்கிறவள். வெஸ்ட் ஐலண்டில் தமிழர் வீட்டுப் பிறந்தநாள், சாமத்தியவீடு, முதல்நன்மை எதுவென்றாலும் அவளுடைய ஐசிங் பூ இருக்கும். இதழ் இதழாகக் கையால் பிடிப்பாள். மகள் றொஷினிக்குக் கல்யாணம் வந்தால் மூன்று தட்டுக் கேக்கை முழுக்கத் தானே செய்வேன் என்று அந்தப் பிள்ளை தவழும்போதே சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கையைக் காத்துக்கொண்டிருந்தது அந்த ஊசி.

அந்த ஊசியைத்தான் அவர்கள் ஒளித்தார்கள். குளிர்பெட்டியின் பின்பக்கத்தில், பழைய மார்ஜரின் டப்பாவுக்குள். ஊசி போடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் காலை ஏழு மணிக்கே எழும்பி அதை வெளியே எடுத்து வைப்பார். குளிர் போனால்தான் வலிக்காது என்று நேர்ஸ் சொன்னதை ஒரு முறையும் தவறவிட்டதில்லை. எடுத்து வைத்து, அதற்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடுவார். அந்த வீட்டில் அவர்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லாத நாளிலும் மூடுவார்.

ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்டால், "குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு" என்பார். தாய்க்கு வாதம் என்றால் மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைப்பார்களாம். சரி, பேசிச் செய்கிற கல்யாணம் என்றால் ஒரு கதை. றொஷினியும் றொக்சனும் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் ஒன்றாகப் படித்து, தாங்களே விரும்பி, தாங்களே மோதிரமும் மாற்றியவர்கள். அதற்குப் பிறகு பெரியவர்கள் வெற்றிலைத் தட்டோடு போய், எல்லாம் தாங்கள் பேசி முடித்தது மாதிரி நடித்துவிட்டு வந்தார்கள். கல்யாணம் ஜூன் மாதம் என்று குறித்தாயிற்று. அதுவரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக் காதில் எதுவும் விழக்கூடாது என்பது அத்தானின் சட்டம்.

போன நவம்பரில் அத்தானுக்கு அறுபத்தைந்து. அதற்கு இரண்டு மாதம் முன்னதாகக் கம்பனியிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. கியூபெக்கில் அறுபத்தைந்து ஆகிவிட்டால் அரசின் மருந்துத் திட்டத்தில் ஆளைத் தானாகவே சேர்த்துவிடுவார்கள். ஆனால் கம்பனிக் காப்புறுதி உள்ளவர் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்: கம்பனியோடேயே இருப்பதா, கம்பனியை விட்டுவிட்டு அரசிடம் போவதா, இரண்டையும் வைத்திருப்பதா. விட்டுவிட்டால் திரும்பச் சேர முடியாது. இன்னொன்று, ஐந்தாம் பக்கத்தில் கறுப்பு எழுத்தில் இருந்தது: நீங்கள் விலகினால் உங்கள் பெயரில் காப்புறுதி பெறும் துணையும் விலகியவர் ஆவார், அறுபத்தைந்து ஆகாத துணை தானே போய் அரசிடம் பதிய வேண்டும். அக்காவுக்கு அறுபத்தொன்று.

நான் கர்க்லாண்டில் ஒரு கார்தெரியில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிறேன். காலையிலிருந்து மாலை வரை பிரெஞ்சுதான். அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் காரில். அந்த உறையை என்னிடம் நீட்டியிருந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் வாசித்துச் சொல்லியிருப்பேன். நீட்டவில்லை. தான் வளர்த்த பிள்ளையிடம் போய் அறிவு கேட்பதா? அதற்குப் பதிலாக ஊரையே கேட்டார். கேட்டார் என்றும் சொல்ல முடியாது. கதை போகிற போக்கில் காதைக் கொடுத்தார். ஒரு செத்தவீட்டில், "அறுபத்தைஞ்சு வந்தா கவர்மெண்ட் எல்லா மருந்தும் தரும், பிறகேன் கம்பனிக்குக் குடுக்கிறியள்" என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் மருந்தே எடுக்காதவர். கேட்கிறவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடியும் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை.

கடைசியில் அந்த உறை போய்ச் சேர்ந்த இடம் நகுலேஸ்வரனின் மேசை. ரொக்ஸ்பரோவில் முதியோர் சங்கம் சனிக்கிழமைகளில் கூடுகிற மண்டபத்தில், ஜன்னலோரமாக ஒரு மடக்கு மேசை போட்டுக்கொண்டு அவர் இருப்பார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். இங்கே இருபது வருடமாக எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். ஒரு சதம் வாங்கமாட்டார். எழுத்து அச்சு மாதிரி இருக்கும். சொல்வதைத்தான் எழுதுவார், சொல்லாததை எழுதமாட்டார் என்று பெயர். அவர்தான் றொக்சனின் தகப்பன். அத்தானின் சம்பந்தி.

இதிலுள்ள அழகைப் பாருங்கள். மருந்துக் காப்புறுதிப் படிவத்தை, மருந்து எடுப்பதை யாரிடமிருந்து ஒளிக்கிறாரோ அதே ஆளிடம் கொண்டுபோய் நிரப்பக் கொடுத்தார். வேறு ஆளிடம் போனால் சம்பந்தி குறை நினைப்பாராம்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை எனக்குப் பிறகு இரண்டு பேரும் தனித்தனியே சொன்னார்கள். சொல்லுக்குச் சொல் பொருந்தியது.

"சம்பந்தி, உங்களுக்கு என்ன மருந்து போகுது?" என்று நகுலேஸ்வரன் கேட்டார்.

"பிரசருக்கு ஒரு குளிசை. கொலஸ்ட்ரோலுக்கு ஒண்டு."

"சம்பந்தியம்மாவுக்கு?"

பக்கத்தில் இன்னும் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள்.

"அவவுக்கு ஒண்டுமில்லை," என்றார் அத்தான். "நல்ல சுகம்."

நகுலேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். திரும்பப் போட்டாராம். "ஒண்டுமில்லையோ?" என்று இன்னொருதரம் கேட்டாராம். "ஒண்டுமில்லை" என்றாராம் இவர். இரண்டு குளிசைக்கு மாதாமாதம் கம்பனிக்குக் காசு கட்டுவது வீண் என்று முடிவாகியது. இரண்டாம் பெட்டியில் அச்சு மாதிரி ஒரு புள்ளடி. அத்தான் கையெழுத்து வைத்தார். பிறகு இருவரும் கல்யாண மண்டபத்தைப் பற்றிக் கதைத்தார்கள்.

டிசம்பர் முதலாம் திகதி அக்காவின் காப்புறுதி நின்றது. வீட்டில் கடைசியாக இருந்த ஊசியை அன்றுதான் போட்டாள். பன்னிரண்டாம் திகதி அடுத்த பெட்டி எடுக்க மருந்துக்கடைக்குப் போனபோது, அட்டை வேலை செய்யவில்லை என்றார்கள். அத்தானிடம் சொன்னாள். "கொம்பியூட்டர் பிழையாயிருக்கும்" என்றார். மூன்று நாள் கழித்துத் திரும்பப் போனாள். கொம்பியூட்டர் அப்போதும் அப்படியேதான் இருந்தது. அன்று போட வேண்டிய ஊசி போடவில்லை. "ஜென்சிக்குச் சொல்லவேண்டாம், அவள் சும்மா குதிப்பாள்" என்று என்னைப் பற்றி அத்தான் சொன்னாராம். இன்னும் நான்கு நாள் பொறுத்துவிட்டு அக்கா எனக்குப் போன் எடுத்தாள். "கை இறுகுது பிள்ளை" என்றாள். என்னிடம் அவள் எதையும் மூன்று சொல்லுக்கு மேல் முறையிட்டதில்லை.

நான் குதிக்கத்தான் போனேன். ரைஸ் குக்கர் பெட்டியைக் கீழே இறக்கி, படிவத்தின் நகலைத் தேடி எடுத்து, சமையலறையில் நின்றபடியே வாசித்தேன். ஐந்தாம் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

"அத்தான், அக்காவுக்கு மருந்து இல்லையெண்டு சொன்னீங்களோ?"

"அது... அங்கை ஆக்கள் நிண்டவை."

"ஆக்கள் நிண்டா?"

"பேந்து திருத்தலாமெண்டு நினைச்சன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அக்கா அடுப்படியில் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்தபின் கத்தவும் மனம் வரவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் முதல் வேலையாக அக்காவை அரசுத் திட்டத்தில் பதிந்தேன். அது சுகமாக முடிந்தது. ஆனால் இந்த மாதிரி ஊசிக்கு டாக்டர் தனியாக விண்ணப்பித்து அனுமதி எடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டரின் கிளினிக் பண்டிகைக்காக ஜனவரி ஆறு வரைக்கும் பூட்டு. மிஞ்சியது கம்பனி. கம்பனியை அழைக்கிறேன் என்றேன். படிவம் அத்தானின் பெயரில் இருப்பதால் அவர்தான் பேச வேண்டுமாம். பின்னேரம் அவர் வேலையால் வந்தவுடன் அழைத்தோம். நேரம் பார்த்து றொஷினி றொக்சனையும் கூட்டிக்கொண்டு வந்து இருப்பறையில் சோபாவில் இருந்தாள்.

அத்தான் போனோடு பல்கனிக்குப் போய்விட்டார். வெளியே பதினெட்டுப் பாகை குளிர், பூச்சியத்துக்குக் கீழே. மேல்கோட்டும் இல்லை. நான் இரண்டு கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மறுபக்கத்தில் பேசிய பெண் நல்ல பொறுமைசாலி. துணைவியாருக்கு என்ன நோய் என்று கேட்டாள். இவர் கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, நோயின் பெயரைச் சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் பொத்திக்கொண்டு சொன்னார். சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். சத்தமாகச் சொன்னால் மாப்பிள்ளைக்குக் கேட்குமே. நான் போனைப் பறித்துச் சொன்னேன்.

பிறகு மருந்தின் பெயரைக் கேட்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பெயர் பாதிதான் ஞாபகம். அத்தான் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊசி," என்றார்.

ஒன்பது வருடம். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் காலை ஏழு மணிக்கு எழும்பி அதை எடுத்து வைத்த மனுசன். பெட்டியில் எழுதியிருந்த பெயரை ஒருநாளும் வாசிக்கவில்லை. ஒளிப்பதில் இருந்த கவனத்தில் கால்வாசி போதும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓர் அறை கொடுக்கலாம் போலவும் இருந்தது. உள்ளே போய் அக்காவிடம் கேட்டு வந்து சொன்னேன்.

அந்தப் பெண் ஒரு வழி சொன்னாள். காப்புறுதி நின்று முப்பது நாளுக்குள், படிவம் நிரப்ப உதவியவர் இது தவறாக நிரப்பப்பட்டது என்று ஒரு கடிதம் எழுதித் தந்தால், திரும்பச் சேர்ப்பதைப் பற்றி அவர்கள் பரிசீலிக்கலாம். டிசம்பர் முப்பதுக்குள். அடுத்த நாள் சனிக்கிழமை. நகுலேஸ்வரன் மேசையில் இருப்பார். நான் கூட வருகிறேன் என்றேன்.

"வேண்டாம்," என்றார் அத்தான். "சம்பந்தியோடை நான் பக்குவமாக் கதைக்கிறன். நீ வந்தால் அது வேற மாதிரிப் போகும்."

சனிக்கிழமை பின்னேரம் போன் எடுத்தேன். "கேட்டிட்டன். எழுதித் தாறாராம்," என்றார். நான் நம்பினேன். இந்தக் கதையில் என் பங்கு அந்த நம்பிக்கைதான். என் கணவர் வீட்டாரோடு பண்டிகைக்கு ரொறன்ரோ போய்விட்டேன். இருபத்தேழாம் திகதி கேட்டபோதும், "எழுதிக்கொண்டிருக்கிறார், பண்டிகை முடியட்டுமாம்," என்றார். முப்பதாம் திகதி திரும்பி வந்தேன். கடிதமும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்காவின் வலது கை மணிக்கட்டு இட்லி மாதிரி வீங்கியிருந்தது. சேட்டுப் பொத்தானை அத்தான் பூட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே நகுலேஸ்வரன் வீட்டுக்குப் போவோம் என்றேன். அவர் மகளைப் பார்க்க ஒட்டாவா போயிருந்தார். போனில் இதைக் கேட்க அத்தான் சம்மதிக்கவில்லை. சம்பந்தியிடம் போனில் கேட்கிற விசயமா இது? என்னிடம் நம்பரும் தரவில்லை. றொஷினியிடம் கேட்டு வாங்கியிருக்க எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்குள் பின்னேரமாகிக் கம்பனியைப் பூட்டிவிட்டார்கள், விடிந்தால் முப்பத்தொன்று. முப்பதாம் நாள் போயே போய்விட்டது.

ஜனவரி நாலாம் திகதி சனிக்கிழமை அத்தானையும் அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். நாள் தவறினாலும் கடிதம் இருந்தால் மன்றாடிப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. நகுலேஸ்வரன் மேசையில் இருந்தார். வரிசையில் ஆறேழு பேர். எங்களைக் கண்டதும் எழும்பி நின்றார். "வாங்கோ சம்பந்தி, வாங்கோ" என்று அக்காவுக்குத் தன் கதிரையைக் கொடுத்தார்.

நானே தொடங்கினேன். "நகுலண்ணை, அக்காவுக்கு ஒன்பது வருசமா மூட்டுவாதம். ஊசி போடுறவ. படிவத்தில அது விடுபட்டுப்போச்சு."

அவர் ஆச்சரியப்படுவார், அல்லது கோபிப்பார், கல்யாணத்தில் ஏதும் கதை வரும், அதற்கு நான் இதைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டும் என்று வழிநெடுக ஆயத்தப்பட்டிருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"தெரியும் பிள்ளை," என்றார்.

"என்ன தெரியும்?"

"சம்பந்தியம்மாவுக்கு ஊசி போறது. றொக்சன் ரெண்டு வருசத்துக்கு முன்னமே சொன்னவன். அவன்தானே ஒருக்கா மருந்துக்கடையில எடுத்துக்கொண்டு வந்து குடுத்தவன்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையைப் பார்த்தாள். றொஷினிதான் அவனை அனுப்பியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக இவர் நினைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீடே அதைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியிருந்தது.

"தெரிஞ்சுகொண்டோ 'இல்லை' எண்டு எழுதினீங்கள்?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

நகுலேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். "சம்பந்தி தன்ரை வாயால 'ஒண்டுமில்லை' எண்டு சொல்லுறார். ரெண்டாந்தரமும் கேட்டன், சொல்லுறார். நாலு பேர் நிக்கேக்கை நான் 'இல்லை, நீங்கள் சொல்லுறது பொய்' எண்டு எப்பிடிச் சொல்லுறது? அது மரியாதையில்லை எல்லோ. அவருக்கு வேற ஏதும் வழி இருக்குதாக்கும் எண்டு நினைச்சன்."

"பிறகெண்டாலும் ஒரு போன்?"

"அது அவரைக் குத்திக் காட்டின மாதிரி எல்லோ."

"அப்ப இருபத்தோராம் திகதி வந்து இவர் கடிதம் கேட்டவரே, அப்பவாவது..."

நகுலேஸ்வரன் அத்தானைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பினார். அந்த மனுசன் அப்போதும் சம்பந்தியைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. அத்தானே சொன்னார்: "நான் கேக்கேல்லை. ஆக்கள் நிண்டவை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கிறதைக் கதைச்சுப்போட்டு வந்திட்டன்."

இருபது வருடமாக மற்றவர்களுக்குப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவரும், இருபத்தொன்பது வருடம் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டியவரும் என் முன்னால் நின்றார்கள்.

பிறகு நடந்ததுதான் உச்சம். "சம்பந்தி, நீங்கள் என்னை மன்னிக்க வேணும்" என்றார் நகுலேஸ்வரன். "இல்லை இல்லை, பிழை என்ரை. நீங்கள்தான் மன்னிக்க வேணும்" என்றார் அத்தான். "அப்பிடிச் சொல்லப்படாது" என்றார் அவர். கையைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணும் கலங்கியது. இரண்டு பேருக்கும் நடுவில், கதிரையில், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா இருந்தாள். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"உங்கடை ரெண்டு பேரின்ரை மரியாதையும் சுகமா இருக்கு," என்றாள் அக்கா. "எனக்குத்தான் ஏலாது."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அவள் எழும்பிக் காருக்குப் போய்விட்டாள். நான் அவளோடு போய்ப் பின் சீற்றில் இருந்து அழுதேன். அவள் அழவில்லை.

கடிதத்தை நகுலேஸ்வரன் எழுதித் தந்தார், அச்சு மாதிரி. கம்பனி ஏற்கவில்லை, திகதி தாண்டிவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. டாக்டர் திறந்த நாளே விண்ணப்பித்தார். ஒரு பக்கம் சேர்க்கப்படாததால் விண்ணப்பம் திரும்பி வந்து இன்னொருதரம் போனது. தலையிடி போய்த் திருகுவலி வந்த மாதிரி, ஒவ்வொரு கடிதத்துக்கும் இன்னொரு கடிதம். அரசுத் திட்டம் பெப்ரவரி நடுவில் அனுமதி கொடுத்தது. போட வேண்டிய நாளிலிருந்து ஒன்பது கிழமை பிந்தி அக்காவின் வயிற்றில் அந்த ஊசி ஏறியது. வீக்கம் வற்றியது. வலது கையில் மோதிர விரலும் சின்ன விரலும் நிமிரவில்லை. பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். நிமிரும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்யாணக் கேக்கை லவாலில் ஒரு கடையில் வாங்கினோம். நன்றாகத்தான் இருந்தது. அக்கா ஒரு துண்டு தின்றுவிட்டு, "ஐசிங் கொஞ்சம் இனிப்புக் கூட" என்றாள்.

ஜூன் மாதம், மண்டப வாசலில், பெண்ணின் தாயாக அக்கா பன்னீர்ச் செம்போடு நின்றாள். வெள்ளிச் செம்பு, நல்ல பாரம். இடது கையால் பிடித்து, வலது கையால் முட்டுக்கொடுத்துத் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அத்தான், மறு பக்கம் நகுலேஸ்வரன், இருவரும் வேட்டியில். நான் சந்தனக் கும்பாவோடு பின்னால் நின்றேன். நியூயோர்க்கிலிருந்து வந்த ஓர் உறவுக்காரப் பெண், "றோசலின் அக்கா, விரலுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

அக்கா வாய் திறப்பதற்குள் அத்தான் சொன்னார்: "படியில விழுந்திட்டா."

"ஓம்," என்றார் நகுலேஸ்வரன். "பனிக்காலத்தில. வழுக்கிப்போட்டுது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. ஒத்திகை பார்த்தது மாதிரி வந்தது. எனக்கு அந்தச் சந்தனத்தை இருவர் முகத்திலும் அப்பிவிட வேண்டும் போலிருந்தது.

"நான் ஒரு இடத்திலயும் விழேல்லை," என்றாள் அக்கா. "எனக்கு வாதம். மருந்து ரெண்டு மாதம் கிடைக்கேல்லை, விரல் மடங்கிப்போட்டுது. ஏன் கிடைக்கேல்லை எண்டு இவையைக் கேளுங்கோ."

செம்பை அத்தானின் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் செம்போடு நின்றார். நகுலேஸ்வரன் தொண்டையைச் செருமிவிட்டுக் கார் நிறுத்துகிற பக்கமாக நகர்ந்தார். அடுத்ததாக ஒரு குடும்பம் படியேறி வந்தது, தொழிற்சாலையில் அத்தானோடு வேலை செய்தவர். "எங்கை றோசலின்? பொம்பிளையின்ரை தாய் எல்லோ நிக்கவேணும்?" என்று சிரித்தபடி கேட்டார்.

அத்தான் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவவுக்கு வாதம்," என்றார். பிறகு அந்த ஊசியின் பெயரையும் முழுதாகச் சொன்னார்.